டி.என்.ஏ.யின் உருவை ஒளிப்படத்தில் பதித்த ரொசலின்ட் பிராங்கிளின்

உயிரினங்களின் கலங்களைக் கட்டியெழுப்புபவை புரதம், நியூக்கிளிக் அமிலம் முதலான பாரிய மூலக்கூறுகளே. அவற்றுள் பரம்பரைத் தகவலைத் தாங்கி நிற்பது டி.என்.ஏ. அதன் அமைப்பு வெளிப்பட்ட வரலாற்றில் நீண்டகாலம் உரிய இடம் வழங்கப்படாதிருந்தவர் ரொசலின்ட் பிராங்கிளின்.

1920 ஜூலை 25 இல் இலண்டனில் வசதிபடைத்த யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் பயின்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து, 1945 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1947 முதல் பாரிஸில் பணியாற்றியபோது எக்ஸ் கதிர்களால் பொருட்களின் உள்ளமைப்பை அறியும் நுட்பத்தில் தேர்ச்சி பெற்றார்.

1951 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இணைந்தார். மாணவர் ரேமண்ட் கொஸ்லிங்குடன் சேர்ந்து, ஈரப்பதனுக்கேற்ப டி.என்.ஏ. இரு வடிவங்களை எடுப்பதைக் கண்டறிந்தார். அவ்வாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வொட்சனும் கிரிக்கும் அமைத்த முதலாவது மாதிரியுருவில் பொஸ்பேற்றுக் கூட்டங்கள் உட்புறத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவை வெளிப்புறத்திலேயே அமைய வேண்டும் எனச் சுட்டிக்காட்டியவர் பிராங்கிளினே.

1952 மே மாதத்தில், டி.என்.ஏ. இழையொன்றின் மீது 60 மணித்தியாலங்களுக்கும் மேலாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தி 51 ஆம் இலக்க ஒளிப்படம் பெறப்பட்டது. சுருளி வடிவத்தைக் காட்டும் குறுக்குக்கோட்டு அடையாளம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. 1953 ஜனவரியில் சக ஆய்வாளரான மொரிஸ் வில்கின்ஸ், இவருக்குத் தெரியாமல் அதனை வொட்சனுக்குக் காட்டினார். இவரது அளவீடுகள் அடங்கிய அறிக்கையும் கேம்பிரிட்ஜைச் சென்றடைந்தது. அவற்றின் துணையுடனேயே இரட்டைச் சுருளி மாதிரியுரு உருப்பெற்றது. ஏப்ரல் 25 இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியான மூன்று கட்டுரைகளில் இவருடையது இறுதியாக, வெறும் துணைச் சான்று போன்றே இடம்பெற்றது.

எனினும் இவர் துவண்டுவிடவில்லை. பேர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைச் சித்திரவடிவ வைரஸின் அமைப்பை ஆராய்ந்தார். அதன் ஆர்.என்.ஏ. புரத உறையினுள் சுருளியாகப் பொதிந்திருப்பதை இவரது குழு தெளிவுபடுத்தியது. கிரிக்குடனும் நட்புப் பாராட்டினார். சூலகப் புற்றுநோய்க்குள்ளான பின்னரும் ஆய்வைத் தொடர்ந்த இவர், 1958 ஏப்ரல் 16 இல் தமது 37 ஆவது வயதில் காலமானார்.

1962 இல் வொட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகியோர் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இறந்தோர் அப்பரிசுக்குத் தெரிவுசெய்யப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் 1968 இல் வெளியான வொட்சனின் நூல், தனித்து ஆய்வு நடத்திய இவரை வில்கின்ஸின் உதவியாளர் போலச் சித்திரித்ததற்கு எந்த விதியும் காரணமல்ல. 1975 இல் இவரது நண்பி ஆன் செயர் எழுதிய வாழ்க்கை வரலாறே அச்சித்திரத்தை முதன்முதலில் விரிவாக மறுத்தது. பேர்க்பெக்கில் இவருடன் பணியாற்றிய ஆரன் குளுக், 1982 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பெற்றார்.

அறிவு பலரது உழைப்பால் வளர்வது. ஒருவரது உழைப்பின் பயனை எடுத்துக்கொள்வோர், அவரது பெயரையும் உடன் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆய்வுகூடத்திற்கு மாத்திரமன்றி, கூடி உழைக்கும் எவ்விடத்திற்கும் இது பொருந்தும்.