கேலியை வென்ற ராக்கெட் மேதை

1899-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள ஊஸ்டர் என்ற ஊரில், 17 வயதுப் பையன் ஒருவன் காய்ந்த கிளைகளை வெட்டுவதற்காக செர்ரி மரத்தில் ஏறினான். செவ்வாய்க் கிரகத்துக்குப் போக ஓர் எந்திரம் செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கே அவனுக்கு உதித்தது. அந்த நாளை அவன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

அவர்தான் ராபர்ட் காடர்ட்.

காசநோய்

காடர்ட் படித்து, டாக்டர் பட்டம் பெற்றார். 1913-ல் அவரைக் காசநோய் தாக்கியது. பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்டனர். அவரோ, ராக்கெட் பற்றிய கணக்குகளை விடவில்லை. நோயில் இருந்து மீண்டார். பிறகு கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

கேலி

ராக்கெட்டைச் சந்திரனுக்கே அனுப்ப முடியும் என்று அவர் எழுதிய ஆராய்ச்சி நூல், 1920-ல் உலகுக்குத் தெரிய வந்தது. "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. காற்று இல்லாத இடத்தில் ராக்கெட் எதை உந்திக்கொண்டு போகும் என்று கேட்டது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம்கூட காடர்டுக்குத் தெரியவில்லை என்றது.

உண்மை என்ன? துப்பாக்கியால் சுட்டால், குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே இடிக்கிறது. அதுபோல, எரிந்த வாயு பின்பக்கம் பீறிடும்போது ராக்கெட் முன்னே போகிறது. இதற்குக் காற்று தேவை இல்லை. காற்றை அகற்றிய கலத்தில் சோதித்து, காடர்ட் இதை முன்பே கண்டிருந்தார். 1950-களில் இருந்து அமெரிக்கச் சிறுவர்கள் அட்டைக் குழாயில் செய்து பறக்கவிடும் மாதிரி ராக்கெட்டும் இந்த விதிப்படிதான் எழும்புகிறது.

41 அடி

1926 மார்ச் 16-ந் தேதி, ஆபர்ன் என்ற ஊரில், உறவினர் பண்ணையில் அவருடைய ராக்கெட் கிளம்பியது. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்து அதை இயக்கின. 41 அடி உயரம் எழும்பி, 184 அடி தூரத்தில் விழுந்தது. பறந்தது இரண்டரை வினாடிதான். ஆனால், உலகில் திரவ எரிபொருளால் பறந்த முதல் ராக்கெட் அதுதான்!

1929-ல் மற்றொரு ராக்கெட் போட்ட சத்தத்தில் ஊரே நடுங்கியது. போலீசார் ஓடி வந்தனர். விமான வீரர் லிண்ட்பெர்க்கின் முயற்சியால், கக்கன்ஹீம் என்ற செல்வந்தர் பண உதவி செய்தார். 1930-ல் காடர்ட் ரோஸ்வெல் என்ற பாலைவன ஊருக்குப் போனார். மனைவி எஸ்தர் துணை நின்று, ஒவ்வொரு சோதனையையும் படம் பிடித்தார். 1937-ல் ஒரு ராக்கெட் 8 ஆயிரம் அடிக்கு மேல் பறந்தது.

காலம் சொன்ன தீர்ப்பு

1945 ஆகஸ்டு 10-ந் தேதி, 62-வது வயதில் காடர்ட் காலமானார். அவருடைய கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தியதற்காக, 1960-ல் அமெரிக்க அரசு 10 லட்சம் டாலர் கொடுத்தது.

1969 ஜூலை 16-ந் தேதி, மூன்று வீரர்களுடன் அப்பல்லோ-11 சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள், "நியூயார்க் டைம்ஸ்" தன் பழைய தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்கத்தான் காடர்ட் உயிரோடு இல்லை.