சித்திரகாரர் ஸெஸானும் அவருடைய மலையும்

பெற்றோர் தேடிவைத்த தொழிலை விடுத்து வேறு துறையை நாடும் பிள்ளைகளைக் குறித்து நம் சங்கத்துக் குடும்பங்களிலே கவலை எழுவதுண்டு. அத்தகைய பிள்ளை ஒருவரின் சரித்திரத்தை இம்மாதம் நம் அன்பர்கள் முன் வைக்கக் கருதினோம். அவரே பிரெஞ்சு தேசத்துச் சித்திரகாரராகிய பால் ஸெஸான்.

இவர் 1839-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் தேதி, அத்தேசத்தின் தென்பாகத்திலுள்ள எக்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தொப்பி வியாபாரத்தால் பொருளீட்டி, 1848-இல் ஒரு பாங்கியை வாங்கி நடத்தியவர். மகன் வக்கீலாக வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனும் அதற்கிணங்கிச் சட்டம் பயின்றார்; ஆயினும் மனம் சித்திரத்திலேயே லயித்திருந்தது. பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற எமில் ஜோலா இவருடைய பள்ளித் தோழர். அவர் பாரிஸுக்கு வரும்படி தூண்டினார். 1861-இல் தந்தையார் அரைமனத்துடன் விடைகொடுத்தார். சென்றவர் சில மாதங்களிலேயே மனந்தளர்ந்து திரும்பி, பாங்கியில் வேலைக்கு அமர்ந்தார். எனினும் மறு ஆண்டே மீண்டும் பாரிஸ் சேர்ந்தார்.

அங்கே அரசாங்கச் சித்திரப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சலோன் என்னும் பெரிய கண்காட்சியினர் அவர் படங்களைப் பலமுறை திருப்பியனுப்பினர். பிஸ்ஸாரோ என்னும் மூத்த சித்திரகாரரோ அவரை அன்புடன் அழைத்துச் சென்று, வெட்டவெளியில் அமர்ந்து இயற்கையைப் பார்த்தே வரையப் பழக்கினார்.

அவரிடத்தில் குறையும் இருந்தது. தந்தையாருக்கு அஞ்சி, உடன் வாழ்ந்த பெண்மணியையும் 1872-இல் பிறந்த மகனையும் பல்லாண்டுகள் மறைத்துவைத்தார். 1878-இல் செய்தியறிந்த தந்தையார் பணவுதவியைக் குறைத்தார். அப்போது ஜோலாவே கைகொடுத்தார். 1886-இல்தான் விவாகம் நடந்தது. அவ்வாண்டிலேயே தந்தையார் பெருஞ்செல்வத்தை வைத்து மறைந்தார்.

எக்ஸ் நகருக்குக் கிழக்கே ஸாந்த் விக்த்வார் என்னும் சுண்ணாம்புக்கல் மலை 1,011 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. பிள்ளைப் பருவத்தில் நண்பர்களுடன் சுற்றித் திரிந்த அம்மலைப் பிரதேசத்தை முதுமை வரையில் அவர் வரைந்தார். தைல வர்ணத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் உள. ஒரு தீற்றல் இட்டபின் அடுத்ததை இடுமுன் நெடுநேரம் மலையையே நோக்கியிருப்பார். வயல்களின் பசுமை, மண்ணின் காவி, தொலைவின் நீலம் ஆகியவற்றைக் கொத்தன் கல்லடுக்குவதுபோல் சிறுசிறு துண்டங்களாக அடுக்கி, மலையின் திண்மையையும் தூரத்தையும் ஒருங்கே காட்டினார். பிற்காலப் படங்களில் ஆங்காங்கே வெறுங் கித்தானையும் அப்படியே விட்டார்.

பெரிய பைன் மரத்தின் கிளைகளூடே அம்மலை தோன்றும் படமொன்றைச் சொந்த ஊரிலேயே காட்சிக்கு வைத்தபோது, ஊரார் அதனை மதிக்கவில்லை. பால்ய நண்பரின் மகனாகிய இளங்கவி ஒருவர் மட்டும் வியந்து நின்றார். சித்திரகாரர் மகிழ்ந்து அதிற் கையொப்பமிட்டு அவருக்கே அளித்துவிட்டார். இன்று அது லண்டன் நகரக் காட்சிசாலையொன்றில் உள்ளது.

1895-இல் பாரிஸில் அவர் படங்கள் மட்டும் அடங்கிய முதற் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 56. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளியில் வரைந்துகொண்டிருக்கையில் பெருமழையில் நனைந்து மயங்கி வீழ்ந்தார். சலவை வண்டியொன்றில் வீடு சேர்த்தனர். அம்மாதம் 22-ஆம் தேதி உயிர் நீத்தார். மறு ஆண்டு பாரிஸில் நடந்த நினைவுக் கண்காட்சி இளஞ்சித்திரகாரர் பலருக்குப் புதுவழி காட்டிற்று.

மகனின் உயர்வைக் காணத் தந்தையார் இருக்கவில்லை. ஆயினும், மனத்தாங்கலுடனேனும் அவர் அளித்துவந்த பொருளே அவ்வுயர்வுக்கு ஆதாரமாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. ஆதலின் பெற்றோர் பிள்ளைகளின் நாட்டத்தை உடனுக்குடன் லாபநஷ்டக் கணக்கிலே எழுதிவிடாதிருப்பார்களாக. இளைஞர்களும், தாம் விரும்பிய துறை என்று சொல்லுமுன், ஒரே மலையை ஆயுள் முழுதும் நோக்கும் பொறுமை தம்மிடம் உண்டா என்று தம்மையே வினவிக்கொள்வார்களாக.