மதுவிலக்குக்கு வழிகண்ட மூதறிஞர்

அறிவை மயக்கும் பொருள்கள் அனைத்தையும் இசுலாம் விலக்கியுள்ளது. திருவள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அறநூல்கள் கடிந்த இத்தீமையை அரசின் ஆணையால் அகற்ற முனைந்தவருள் முன்னிற்பவர் மூதறிஞர் இராசாசி ஆவார். அவர்தம் வாழ்வை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

1878ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், அந்நாளைய சேலம் மாவட்டத்தில், ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராசாசி பிறந்தார். சட்டம் பயின்று, சேலத்தில் வழக்குரைஞராகப் பெரும்பொருள் ஈட்டினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அத்தொழிலைத் துறந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். ஏழை உழைப்பாளரின் கூலி கள்ளுக்கடையில் கரைவதும், அவர்தம் இல்லங்கள் கடனில் மூழ்குவதும் அவர் உள்ளத்தை வருத்தின. 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கினார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் எழுத்தாளர் கல்கி.

1937 சூலையில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவர், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. மது வருவாயை இழந்தால் பள்ளிக்கும் சாலைக்கும் பணம் ஏது என்ற வினா எழுந்தது. 1939இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்து அதற்கு விடை கண்டார். ஏழையின் குடியை நம்பி அரசு நடத்தலாகாது என்பதே அவர்தம் கொள்கை.

அந்நாளில் நம் புதுக்கோட்டை தனியரசாக இருந்தமையால், அவ்வாணை வல்லத்திராக்கோட்டை போன்ற நம் சிற்றூர்களை எட்டவில்லை. 1948 மார்ச்சு 3ஆம் நாள் தனியரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்து, சென்னை மாகாணத்தின் பகுதியாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணமெங்கும் மதுவிலக்கு நிறைவுற்றது.

1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தது. 92 வயது முதியவரான இராசாசி, முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு அதனைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1972 திசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

மதுவிலக்கு நிலவிய காலத்தில் கள்ளச்சாராயம் பெருகியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மதுக்கடைகள் திறந்திருந்த 2024ஆம் ஆண்டிலேயே, கள்ளக்குறிச்சியில் நச்சுச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடையைத் திறப்பதால் மட்டும் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மதுவுக்கு மாற்றாக வந்த விற்பனை வரி, பெயரும் உருவும் மாறி இன்றும் நிற்கிறது. மது வருவாயும் மீண்டு வந்து, 2023-24இல் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. அப்பணத்தில் கூலியாளரின் வியர்வையும் அவர்தம் மனைவியர் கண்ணீரும் கலந்துள்ளன.

மாணவச் செல்வங்களே! மதுவோடு கஞ்சாவும் போதை மாத்திரையும் இன்று இளைஞரைத் தேடி வருகின்றன. உங்கள் கல்விக்கெனத் தம் கூலியைச் சேர்த்துவைக்கும் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். நண்பன் நீட்டினும் மறுக்கும் துணிவு கொள்ளுங்கள். தவறிவிட்ட தோழனை இகழாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சட்டம் கைவிட்ட இடத்திலும் நம் உள்ளத்து மதுவிலக்கைக் கைவிடாதிருத்தலே அம்மூதறிஞர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.