அதிர்ச்சி அலையும் அறிஞர் சந்திரசேகரும்

தமிழ்க்குலம் உலகுக்கு ஈந்த அறிவியற் பேரறிஞருள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அன்னாரை இம்மலரில் நாம் நினைவுகூர விழைகின்றோம். 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் இலாகூரிற் பிறந்த இவர், சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்று, 1930இல் மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முதிர்ந்து சுருங்கிய விண்மீனாகிய வெண்குறுமீன் தாங்கவல்ல திணிவுக்கு ஓர் எல்லை உண்டென்பதை அக்கடற்பயணத்திலேயே கணித்தறிந்தார். அவ்வெல்லை சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கென இன்று கொள்ளப்படுகின்றது. 1935இல் எடிங்டன் என்னும் பேரறிஞர் இலண்டனிற் கற்றோர் அவையில் அதனை எள்ளி மறுத்தார். சந்திரசேகர் மனந்தளர்ந்தாரல்லர்; 1937இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தை அடைந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் வாழ்விற் பலரறியாப் பகுதி ஒன்றுண்டு. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், அமெரிக்காவின் அபடீன் எறியியல் ஆய்வுகூடத்திலும் பணியாற்றிய அவர், அதிர்ச்சி அலைகள் தேய்ந்தடங்கும் முறையை ஆராய்ந்து 1943இல் அறிக்கை வரைந்தார். அதிர்ச்சி அலை யாது? கொடிகாமத்திற் புகையிரதக் கடவை மூடப்படும்பொழுது வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கின்றன. ஓடிவரும் வாகனங்களுக்கும் நிற்கும் வாகனங்களுக்கும் இடையேயுள்ள எல்லை பின்னோக்கி நகர்கின்றதன்றோ? குண்டு வெடிக்குங்கால் காற்றின் அமுக்கமும் அத்தகைய நகரும் எல்லையொன்றில் திடீரெனத் தாவுகின்றது. இவ்வோட்டங்களை விளக்குவன அதிபரவளைவு வகையைச் சார்ந்த வகையீட்டுச் சமன்பாடுகள்.

இவற்றைக் கணினியில் தீர்த்தல் எளிதன்று. நுட்பங் குறைந்த முறை அத்தாவலை மழுங்கடிக்கும். நுட்பம் மிகுந்த நேரியல் முறையோ அதனருகே இல்லாத அலைவுகளைப் பிறப்பிக்கும். நேரியல் முறைகளுக்கு இவ்விடர்ப்பாடு தவிர்க்கவியலாததென 1959இல் உருசிய அறிஞர் கொடுனோவ் நிறுவினார். இதற்கு வழி கண்டோருட் கொலெல்லா, வூட்வட் ஆகியோர் குறிப்பிடத்தக்கோர். வெளியைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பரவளைவைப் பொருத்தி, தாவலருகே மட்டும் அதனைத் தட்டையாக்கும் முறையை அவர்கள் 1984இல் வெளியிட்டனர்.

1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர், 1995 ஓகஸ்ட் 21ஆம் நாள் சிக்காகோவிற் காலமானார். ஈராண்டு கழிந்து, அதே பல்கலைக்கழகத்தில், விண்மீன் வெடிப்புகளைக் கணினியில் ஆராயும் நிலையம் ஒன்று எழுந்தது. அவர் கண்ட எல்லையை அண்மிய வெண்குறுமீன் எவ்வாறு வெடிக்குமென்பதை, மேற்கூறிய பரவளைவு முறையைக் கொண்டே அங்குக் கணித்தனர். அன்று எள்ளப்பட்ட எல்லையும் யுத்தகாலத்தில் ஆராய்ந்த அலையும் இங்ஙனம் ஒரே கணக்கில் வந்து கூடின.

மாணவர்காள்! செய்த கணக்குச் சரியாயின், ஏற்போர் காலந்தாழ்த்தினும் கவலற்க. அடுத்த கணக்கைத் தொடங்குக.