கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்ப்பாளர் தந்த கிரேஸ் ஹாப்பர்

சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போடும் அலுவலகங்களில் ஒரு விசித்திரம் எப்போதாவது நடப்பதுண்டு. எழுதிக் கொடுத்த புரோகிராமில் வரிக்கு வரி தேடினாலும் பிழை இராது. இயந்திரமோ வேறு கணக்குச் சொல்லும். மனிதர் எழுதியதற்கும் இயந்திரம் செய்ததற்கும் நடுவே ஏதோ திரிந்து போயிருக்கும். அந்தச் சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர், அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

1906 டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், எப்படி ஓடுகிறது என்று பார்க்க அலாரம் கடிகாரம் ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைக் கழற்றினார். இப்படி ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்ததைப் பார்த்த தாயார், இனி ஒன்றைத்தான் தொடலாம் என்று உத்தரவு போட்டார்.

1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித டாக்டர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பாடம் நடத்தினார். உலகப் போர் வந்தது. எடை 15 பவுண்டு குறைவு என்றபோதும் விடாப்பிடியாக விதிவிலக்குப் பெற்றுக் கடற்படையில் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டில் 51 அடி நீள 'மார்க் 1' இயந்திரத்திடம் அனுப்பப்பட்டார்.

1947-ல் 'மார்க் 2' இயந்திரத்தின் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியதும், அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்ததும் பிரபலமான கதை. பிடித்தவர் ஹாப்பர் என்பார்கள். அது சரியல்ல, அவர் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவர், அவ்வளவுதான்.

அவரை உண்மையில் உறுத்தியது வேறு. நன்றாக ஓடிய ஒரு கணக்கு முறையை ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் கையால் பெயர்த்து எழுதுவார்; எழுதும்போது எண் மாறிவிடும். குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நகல் எடுக்கும் வேலையை இயந்திரமே செய்தால் என்ன என்று நினைத்தார். கணக்கு முறைகளை எண்ணிட்டு டேப்பில் ஏற்றினார். எண்களை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டரே அவற்றை எடுத்துக் கோர்த்து, முழுப் புரோகிராமாக்கும். 1952-ல் வந்த இந்த 'ஏ-0' தான் முதல் கம்பைலர் என்று பலரும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தல்தான் செய்யும், புரோகிராம் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். அடுத்து, ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிடும் 'புளோமேட்டிக்' மொழியை உருவாக்கினார். 1959-ல் தொடங்கிய 'கோபால்' மொழிக்கு அது பெரிய அளவில் வழிகாட்டியது.

நகல் பிழை ஒழிந்தது. வேறு தலைவலி முளைத்தது. ஒரே கோபால் புரோகிராம், ஒரு கம்பெனியின் கம்பைலரில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் ஓடியது. பழியோ எழுதியவர் தலையில்!

1966 இறுதியில் ஓய்வு பெற்றிருந்த ஹாப்பரை, 1967-ல் கடற்படை ஆறு மாத வேலைக்கென்று திரும்ப அழைத்தது. விடை முன்பே தெரிந்த சோதனைப் புரோகிராம்களை அவர் குழு தயாரித்தது. கம்பைலரிடம் அவற்றைக் கொடுத்து ஓட்டுவார்கள். வரவேண்டிய விடை வராவிட்டால், கோளாறு கம்பைலரில். பிறகு அமெரிக்க அரசும் இம்மாதிரிச் சோதனையை ஏற்றுக்கொண்டது.

ஆறு மாதம் என்றது ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1996-ல் கடலில் இறக்கப்பட்டது.