கொடுமுடியில் ராமானுஜன்

ஈரோட்டைத் தொட்டு வரும் காவிரி, கொடுமுடியைக் கடந்து கும்பகோணம் செல்கிறது. கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் வாழ்வும் அந்நதிக் கரையிலேயே தொடங்கிற்று. 1887 டிசம்பர் 22ந் தேதி தாய்வழிப் பாட்டனாரின் ஊரான ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தையே கருதி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவானார்.

1914ல் கேம்பிரிட்ஜ் சென்றவர், மறு வருஷமே அரியதோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு; அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்களையே அவர் 67,46,32,83,88,800 வரை அட்டவணைப்படுத்தினார். இக்கடைசி எண்ணை வகுக்கும் எண்கள் 10,080! கையாலேயே கணக்கிட்ட அவ்வட்டவணையில் விடுபட்டது 2,93,31,86,25,600 ஒன்றே. அதை 23ஆல் பெருக்கினால் வருவது அக்கடைசி எண்தான் என்பது வியப்பு.

இங்கே பரீட்சையில் தவறியவருக்கு இவ்வாராய்ச்சிக்காக 1916ல் கேம்பிரிட்ஜ் பட்டமளித்தது. 1918ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. எனினும் நோயுற்றே 1919ல் தாயகம் திரும்பினார். அவ்வருஷம் சில காலம் கொடுமுடியில் தங்கியிருந்தார். காவிரிக் கரையும் அவரைத் தேற்றவில்லை. படுக்கையிலும் கணிதத்தை விடாதவர், 1920 ஏப்ரல் 26ந் தேதி, 32ம் வயதில், சென்னையில் மறைந்தார்.

ராமானுஜனின் அட்டவணையில் விடுபட்டது ஓர் எண். நமது பரீட்சைப் பட்டியலிலோ ராமானுஜனே விடுபட்டார். அவரை நினைந்து பெருமை கொள்ளும் நாம், அத்தகையோர் இன்றும் விடுபடாதிருக்கச் செய்வதே அவருக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.