அவைக்குள் ஓர் இருக்கை: ராவ் பகதூர் எம். சி. ராஜா

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் நம் கணபதியில் நாலு பேர் கூடும் இடத்தில் எழுகின்ற முதற்கேள்வி, அமைச்சரவையில் நம்மவர் எத்தனை பேர் என்பதுதான். நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியொன்று உண்டு. உள்ளே சென்று அமர்ந்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவராய் அமர்ந்திருக்கிறார் என்பது அது. இவ்விரு கேள்விகளையும் தம் பொதுவாழ்வு முழுவதும் சுமந்து நடந்தவர் எம். சி. ராஜா அவர்கள். அண்ணல் அம்பேத்கரை அறிந்த அளவுக்கு நம் இளைஞர்கள் இவரை அறிந்திலர். இவருடைய வெற்றிகளோடு தவறுகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டில் சென்னை பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். ஆசிரியப் பணியை ஏற்றார்; பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல்களும் எழுதினார். கல்விக் கழகம் ஒன்றை நடத்தும் நமக்கு, அவர் அரசியலுக்கு வந்தது வகுப்பறை வழியாக என்பது நினைக்க இனிமையாக இருக்கிறது. 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அதே காலத்தில் தோன்றிய நீதிக்கட்சியோடும் இணைந்து நின்றார்.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 98. காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது. நீதிக்கட்சி 63 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது. சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. நம் மக்களில் அந்தத் தகுதி படைத்தவர் மிகச் சிலர். ஆகவே தேர்தல் என்னும் வாயில் நமக்கு அடைபட்டே இருந்தது. நியமனம் என்னும் பக்கக் கதவு வழியாக ஒருசிலர் உள்ளே விடப்பட்டனர். அவ்வாறு சென்றவர்களுள் ராஜாவும் ஒருவர். அமைச்சர்கள் மூவர் பொறுப்பேற்றனர். அம்மூவருள் நம்மவர் எவருமில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. இழிவுப் பெயர்களை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று வழங்க வேண்டுமென்ற தீர்மானம் அவர் முயற்சியால் 1922இல் நிறைவேறியது.

கட்சியோடு அவருக்கிருந்த பிணைப்பு அறுந்தது ஓர் ஆலை வேலைநிறுத்தத்தால். பஞ்சாலைச் சங்கொலியில் விடிந்த காலத்தைப் பெரியோர் வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் வேதனை எளிதில் விளங்கும். 1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. தொழிலாளர் ஒற்றுமையை உடைத்தவர்கள் என்று ஒரு சாரார் நம் மக்களைப் பழித்தனர். ஆளுங்கட்சித் தலைவர்களோ, அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுவதே கலவரத்துக்குக் காரணம் என்றனர். வீடிழந்தவன் மீதே பழியும் விழுந்தது. ராஜா தம் மக்களுக்காக அவையில் வாதாடினார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பிராமணரல்லாதார் என்ற பெரிய குடையின் கீழ் நம் தலை நனையாமலிராது என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் அவர் ஒருவர் என்பது நம் கருத்து.

1927 முதல் பத்தாண்டுக் காலம் டில்லி மத்திய சட்டசபையில் தாழ்த்தப்பட்டோரின் நியமன உறுப்பினராக இருந்தார். அந்நாட்களில் நாடெங்கும் எழுந்த விவாதம், வரப்போகும் ஆட்சியில் எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு பங்கு, அதை எவ்வழியில் பெறுவது என்பது. இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர், ராஜா அழைக்கப்படவில்லை. அந்த மனத்தாங்கல் அவர் முடிவுகளைப் பாதிக்கவே இல்லை என்று சொல்ல நாம் துணியோம். முன்பு தனித்தொகுதியை ஆதரித்தவர், 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கீட்டு இடங்களோடு கூடிய பொதுத்தொகுதியே போதும் என்றார். அண்ணல் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனித்தொகுதி வழங்கியது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையொப்பமிட்டவர்களுள் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் உண்டு. மாகாண அவைகளில் நமக்குரிய இடங்கள் 148 ஆயின. சென்னைக்கு மட்டும் 30. முதற்கட்டத்தில் நம் வாக்காளர்கள் நால்வரைத் தெரிவு செய்வார்கள். அந்நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். எண்ணிக்கை பெருகியது. இறுதிச் சொல் மட்டும் நம்மிடம் இல்லை.

இந்த ஏற்பாட்டின்படி முதல் தேர்தல் 1937இல் நடந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. இவ்வளவு பெரும்பான்மை பெற்ற கட்சி பதவியேற்க மறுத்துவிட்டது. அமைச்சர்களின் அன்றாட ஆட்சியில் தம் தனி அதிகாரத்தைக் கொண்டு தலையிடுவதில்லை என்று ஆளுநர் உறுதி தர வேண்டும் என்பது காங்கிரசின் நிபந்தனை. ஆளுநர் எர்ஸ்கின் பிரபு அத்தகைய உறுதி தர முன்வரவில்லை. (பெரிய கட்சி பதவியை மறுப்பது சென்னைக்குப் புதிதன்று. 1926இல் சுயராஜ்யக் கட்சி மறுத்தபோது, நம் கொங்கு நாட்டுக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் அமைச்சரவை அமைத்தார்.) சீனிவாச சாஸ்திரியார் ஆளுநரின் அழைப்பை ஏற்க மறுத்தபின், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு ஏப்ரல் முதல் நாளில் இடைக்கால அமைச்சரவை அமைத்தார். பன்னீர்செல்வம், முத்தையா செட்டியார், கலிபுல்லா, பாலாட் ஆகியோரோடு எம். சி. ராஜாவும் வளர்ச்சித்துறை அமைச்சராகப் பதவி ஏற்றார். சென்னை மாகாண அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் தடவை.

அந்தப் பெருமையைச் சொல்லும்போதே அதன் வெறுமையையும் சொல்லியாக வேண்டும். அவையைக் கூட்டினால் ஒரே நாளில் கவிழ்ந்துவிடும் அமைச்சரவை அது. எந்தச் சட்டத்தையும் நிறைவேற்றும் பலம் அதற்கில்லை. மக்கள் தராத அதிகாரத்தை ஆளுநர் கையிலிருந்து வாங்கலாமா என்று பலர் கேட்டார்கள். அவர் வாங்கியிருக்கலாகாது என்று நம்முள்ளும் சிலர் சொல்வதுண்டு. பெரும்பான்மை வழியாக ஒருநாளும் வராத நாற்காலி, சிறுபான்மையார் அமைச்சரவை வழியாகவேனும் வந்தபோது அதைத் தள்ளிவிடு என்று அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மூன்றரை மாதங்கள் கழிந்தன. வைசிராயின் விளக்கத்தை ஏற்றுக் காங்கிரஸ் இசைந்தது. ஜூலை 14இல் இராஜாஜி பதவியேற்றார். அவரது அமைச்சர் பதின்மருள் ஒருவராக நீலகிரியைச் சேர்ந்த வி. ஐ. முனுசாமி பிள்ளை இடம்பெற்றார்.

ராஜா இப்போது மீண்டும் உறுப்பினர் இருக்கையில். அங்கிருந்தபடியே அவர் செய்த பணியே, அமைச்சராயிருந்து செய்ததைவிடப் பெரிது. அவர் கொண்டுவந்த மசோதா 1938இல் சட்டமாயிற்று. பொதுப் பணத்தால் அமைந்த சாலை, கிணறு, வண்டிப் போக்குவரத்து முதலியவற்றில் தீண்டாமை பாராட்டுவது குற்றம் என்றது அச்சட்டம். காங்கிரஸ் அரசு அதற்குத் துணை நின்றது. இதை மறைப்பது நேர்மையாகாது. நம் முன்னோரில் எத்தனை பேர் குடத்தோடு கிணற்றுமேட்டில் அடுத்தவர் ஊற்றும் நீருக்காகக் காத்து நின்றிருப்பார்கள் என்பதை நினைத்தால் அச்சட்டத்தின் அருமை புரியும்.

அதே ஆண்டு அவர் கோயில் நுழைவு மசோதாவையும் கொணர்ந்தார். முதலில் இசைவு காட்டிய பிரதமர் இராஜாஜி, ஆகஸ்டில் அது தெரிவுக்குழுவுக்குச் செல்ல வேண்டிய நேரத்தில் எதிர்த்தார். மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் கொண்டுவருவதாகவும், ராஜா தம் மசோதாவைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறினார். ராஜா திரும்பப் பெறவில்லை, வாக்கெடுப்பில் தோற்றார். ஒதுக்கீட்டு இடங்களிலிருந்து வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் காங்கிரஸ் உறுப்பினர்கள். அவர்கள் கட்சிக் கட்டளையின் பக்கமே நின்றார்கள். ராஜா காந்தியடிகளுக்கு எழுதினார். இராஜாஜியை நம்புமாறு பதில் வந்தது. தாம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் வழியாக உள்ளே வந்த கைகளே தம் மசோதாவுக்காக உயராததைக் கண்ட மனிதரின் உள்ளம் அன்று எப்படியிருந்திருக்கும்!

அதன்பின் அவர் நெடுநாள் மாறுபட்டு நின்ற அண்ணலின் பக்கம் நகர்ந்தார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு டில்லி வந்தபோது, இருவரும் சேர்ந்தே சென்று கிரிப்சைக் கண்டார்கள். தாழ்த்தப்பட்டோருக்குத் தக்க பாதுகாப்பு அத்திட்டத்தில் இல்லையென்று இருவரும் ஒரே குரலில் எடுத்துரைத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் இவர்கள்.

1943இல் ராஜா மறைந்தார். அரசியல் நிர்ணய சபை கூடுவதற்கு அப்போது இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. அச்சபையில் அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராய் அமர்ந்தார். சென்னையிலிருந்து சென்றவர்களுள் நீலகிரி முனுசாமி பிள்ளையும் இருந்தார்.